மூன்றரை சென்டிமீட்டர் குட்டை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சட்டைப் பொத்தானில் ஓட்டை அடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஜூலி புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்தபோது, தனிஸ்லாஸ் ஒரு தட்டு நிறையக் கறுப்புப் பொத்தான்களைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் கட்டிக்கொண்டிருந்த மாதிரிக் கப்பலுக்குத்தான் அவை. கப்பலின் பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிறுகளின் நுனியில், மூன்று ஓட்டை போட்ட வட்டக் கட்டைகள் இருக்கும். கடையில் விற்கும் பொத்தானில் இரண்டு ஓட்டை இருக்கும், அல்லது நாலு இருக்கும். நாலில் ஒன்றை மெழுகும் கரித்தூளும் குழைத்து அடைத்துவிட்டால் மூன்று என்பது தனிஸ்லாஸின் கணக்கு.

"மூணு ஓட்டையும் முக்கோணமா இருக்கணும்பா. இது ஒரு மூலையா நிக்குது" என்றாள் ஜூலி.

"மூணு புள்ளி எங்க வெச்சாலும் முக்கோணந்தான். ஒனக்கு எவன் டிப்ளமா குடுத்தான்?"

ஜூலி மெக்கானிக்கல் படித்தவள். சேதராப்பட்டில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதகர். கல்யாணமாகி உழவர்கரையில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவின் கப்பலைப் பரிசோதிப்பாள்.

நாற்பத்தெட்டுப் பொத்தான்களை அடைத்தார்கள். மெழுகு பிதுங்கியிருந்த ஐந்தை ஜூலி ஒதுக்கினாள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அதில் மூன்றைத் தனிஸ்லாஸ் நல்லவற்றோடு கலந்துவிட்டார். அவள் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை தனிஸ்லாஸ் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்ச என்னமோ புடிக்குது" என்றார். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது அறுபத்தெட்டு.

தனிஸ்லாஸ் கரண்டு ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் மீட்டர் பார்த்தவர். ஊரில் அவருக்கு முகம் மறந்தாலும் மீட்டர் மறக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு நொடி விழிப்பார். பிறகு முகம் மலர்ந்து, "அடடே, மாடிப்படிக்குக் கீழ, கோழிக்கூண்டுக்குப் பின்னால!" என்பார். எதிராளிக்கு ஒன்றும் புரியாது. ஆனால் தன்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது மட்டும் தெரியும். அவரைக் கடித்த நாய்கள் ஏழு. ஏழின் பெயரும் விலாசமும் அவருக்கு மனப்பாடம்.

கடலிலிருந்து பத்து நிமிட நடையில் பிறந்து வளர்ந்தவர், கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஒருமுறை குடும்பத்தோடு சுண்ணாம்பாற்றில் படகு சவாரிக்குப் போனார். படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்தார். அப்படிப்பட்டவர் கப்பல் கட்டப் போனதற்குக் காரணம் அவர் மச்சான் நெல்சன்.

நெல்சன் பிரான்சில் இருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்பு ஊருக்கு வரும்போது, என்ன வேண்டும் என்று போனில் கேட்டார். தன் மனைவி பெர்னதெத் பக்கத்தில் நின்றதால் தனிஸ்லாஸ் வெளிப்படையாகச் சொல்ல முடியாமல், "பழசா, பிரெஞ்சா, நல்லதா ஒண்ணு பாத்து எடுத்தாயேன்" என்றார். அவர் மனதில் இருந்தது ஒரு பாட்டில் பிராந்தி. நெல்சனுக்கு இந்த மாதிரி ஜாடை பிடிபடாது. மற்றவர்களுக்குச் சென்ட்டும் சாக்லேட்டும் வந்தன. தனிஸ்லாஸுக்கு வந்தது சுருட்டிய காகிதம். ஐந்து பெரிய தாள்கள், கூடவே பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகம்: ஆயிரத்து எழுநூற்று ஐம்பது வாக்கில் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல், பெயர் சேன்த்-ஆன், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில்.

"நம்ம ஊருக்கு வந்த கப்பலு மாமா" என்றார் நெல்சன்.

"வந்துச்சி, போயிடுச்சி. இத வெச்சிகினு நான் என்னா பண்றது?"

"கட்டுங்க. அங்க ரிட்டயர் ஆனவங்கல்லாம் கட்றாங்க."

ஏமாற்றத்தில் மூன்று மாதம் தாள்களைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் சும்மா விரித்துப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஏறிய கப்பல் பிறகு இறங்கவே இல்லை. முதலில் மேசையின் ஒரு ஓரம், அடுத்த மாதம் பாதி, கிறிஸ்துமஸுக்குள் முழு மேசை. அந்த வருடம் வந்த விருந்தாளிகள் கப்பலின் எலும்புக்கூட்டைச் சுற்றி நின்றுகொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். பெர்னதெத் ஒவ்வொருவரிடமும், "கப்பலு மேல சிந்தாதீங்க, மனுஷன் அழுவாரு" என்று எச்சரித்துப் பரிமாறினார்.

"கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த மேசை" என்று வாரம் ஒருமுறை நினைவூட்டுவார்.

"கப்பல எறக்குனதும் தரேன்."

"எங்க எறக்குவ? நீதான் தண்ணியக் கண்டா வாந்தி எடுக்குறியே."

பெர்னதெத் பழி தீர்த்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது கடைசி வரை தீராத வழக்கு. நான்காம் தாளில்தான் பாய்மரங்களின் படம் இருந்தது. அந்தத் தாளை அவர் மொட்டை மாடியில் விரித்து அதன்மேல் வடகம் பிழிந்துவிட்டார். வடகம் நன்றாகக் காய்ந்தது. உரித்து எடுத்தபோது பாய்மரங்களும் கூடவே உரிந்து வந்துவிட்டன.

தனிஸ்லாஸ் அசரவில்லை. புத்தகத்தின் கடைசியில் அளவுகளின் பட்டியல் இருந்தது. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, பாதிரியார் பள்ளியில் பாதியில் விட்டது. ஆனாலும் எண்ணும் அடியும் படிக்கத் தெரியும். பெரிய பாய்மரம் எண்பத்தைந்து அடி என்று போட்டிருந்தது. அடி என்றால் அடி, பன்னிரண்டு அங்குலம். டேப்பை எடுத்தார், நாற்பத்தெட்டால் வகுத்தார், தேக்குக் கம்பைச் சீவினார். மூன்று பாய்மரங்களையும் உப்புத்தாளில் தேய்த்தே உருட்டி எடுக்க இரண்டு வருடம் ஆயிற்று. வீட்டில் குழம்பைத் தவிர எல்லாவற்றிலும் மரத்தூள் விழுந்தது. பெர்னதெத் கணக்குப்படி குழம்பிலும் விழுந்தது.

கப்பற்பாய் தைக்கிற வேலை யாகூப்புக்குப் போயிற்று.

யாகூப் முல்லா வீதியில் பேன்ட் தைக்கிறவர். அவர் கடை மீட்டர் இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு முறையும் தனிஸ்லாஸ் மேசைக்கடியில் தவழ்ந்து போய்த்தான் எண் பார்க்க வேண்டும். தவழ்ந்ததில் ஒரு நாள் பேன்ட் கிழிந்தது. யாகூப் அங்கேயே தைத்துக் கொடுத்தார். அந்தச் சிநேகம் முப்பத்தெட்டு வருடம் நின்றது. யாகூப் அவரை 'முசியே' என்பார், பிரெஞ்சில் ஐயா. தினமும் நாலு மணிக்குக் கண்ணன் டீக்கடையில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்காருவார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு டீ இறங்காது.

பாய்களின் படம் இருந்த ஐந்தாம் தாள் வடகத்துக்குத் தப்பியிருந்தது. யாகூப் அதன்மேல் துணியை விரித்து, கோட்டுக்குக் கோடு வெட்டி, பதினோரு பாய் தைத்தார். பேன்ட்டுக்கு வைப்பதைப் போல ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் "யாகூப் டெய்லர்ஸ், புதுச்சேரி" என்று லேபிளும் வைத்தார்.

போன தை மாதம் பாய்களை ஏற்றிப் பார்த்தார்கள். பெரிய பாய் கீழே கப்பல் தளத்தில் விழுந்து புரண்டது. மற்றவையும் தொளதொள என்று தொங்கின.

தனிஸ்லாஸ் கப்பலைப் பார்த்தார், யாகூப்பைப் பார்த்தார். "என்னாயா இது? பாய் தெச்சிக் குடுன்னா கப்பலுக்கு லுங்கி தெச்சிக் குடுத்திருக்க?"

"ஒங் கப்பலு கூனிகினு நின்னா என் துணி என்னா பண்ணும் முசியே?"

"ரெண்டு வெரக்கட நீளம்யா! கண்ணு தெரியலன்னா கடைய மூடேன்."

யாகூப்பின் முகம் மாறிவிட்டது. "முப்பத்தெட்டு வருஷமா ஒனக்கு அளவெடுக்கறேன். ஒன் தொப்ப எந்த வருஷம் எத்தினி இஞ்சி வந்துதுன்னு சொல்லட்டுமா? என் அளவு தப்பாவாது."

"சரி, எடுத்துகினு போயி கீழ மடிச்சித் தெச்சிக் குடு."

"மடிக்க மாட்டேன். அளவு சரி. ஒன்னுது சரியானப்புறம் நீயா வந்து வாங்கிக்கோ." பதினோரு பாய்களையும் மடித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு யாகூப் எழுந்துவிட்டார்.

மறுநாளும் இருவரும் நாலு மணிக்கு டீக்கடைக்குப் போனார்கள். போகாமல் இருந்தால் பயந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும். ஒரே பெஞ்சில் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். கண்ணன் இரண்டு டீயைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் முதலில் நீட்டுவது என்று தினமும் குழம்பினார்.

தீர்ப்புச் சொல்ல ஜூலி வந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவான இன்ஸ்பெக்டர் அவள்தான். கப்பலின் உடலை அளந்தாள், எண்பத்தெட்டு சென்டிமீட்டர். புத்தகத்தில் நூற்று முப்பது அடி. கால்குலேட்டரில் போட்டால் எண்பத்திரண்டரைதான் வர வேண்டும். உடல் தாளிலிருந்து நேராக எடுத்தது, தப்ப வழியில்லை. அப்படியானால் அடி தப்பு. அரை மணி நேரம் போனில் தேடினாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களின் அடி நம் டேப்பில் இருக்கிற அடி இல்லை. முப்பதரை சென்டிமீட்டர் இல்லை, முப்பத்திரண்டரை.

பெரிய பாய்மரம் ஐம்பத்தேழரை இருக்க வேண்டியது, ஐம்பத்து நாலு இருந்தது. மூன்றரை சென்டிமீட்டர் குட்டை. மற்ற இரண்டும் அதே விகிதத்தில் குட்டை. டெய்லர் சரி. மீட்டர்காரர் தப்பு.

தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார்.

"ஆயிரத்து எழுநூத்து அறுவத்தொண்ணுல இங்கிலீஷ்காரன் நம்ம ஊரப் புடிச்சான் இல்ல?"

"புடிச்சான். அதுக்கு?"

"அப்ப ஒரு பொயலு. இந்தக் கப்பலு மரமெல்லாம் முறிஞ்சிடுச்சி. இங்கிலீஷ்காரன் அவன் அடியில புதுசா மரம் போட்டான். ஒடம்பு பிரெஞ்சு, மேல இங்கிலீஷு. நம்ம ஊரு மாதிரியே."

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்குது?"

"எல்லாம் புஸ்தகத்துலயே இருக்குமா?"

ஜூலிக்குச் சிரிப்பு வந்தது. தொழிற்சாலையில், தேறாத சாமானில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டுவார்கள். என்ன குறை, யார் பார்த்தது, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பையில் அப்படி ஒன்று இருந்தது. "நீளம் குறைவு, 35 மி.மீ., நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிப் பெரிய பாய்மரத்தில் கட்டினாள். விளையாட்டுக்குத்தான் கட்டினாள். கட்டிவிட்டு ஒரு வார்த்தையும் சேர்த்தாள்.

"எங்க கம்பெனியா இருந்தா இது ஸ்கிராப்புப்பா. யாகூப் மாமாகிட்டப் போயி தப்பு நம்மளுதுன்னு சொல்லிடு."

இரண்டு வருடம் தேய்த்த கம்பு. தனிஸ்லாஸ் எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிவப்புச் சீட்டை அவர் கழற்றவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "இங்கிலீஷ்காரன் ஏத்துன கொடி" என்பார். பாய்மரத்தைப் பற்றி ஜூலி பேச்செடுத்த போதெல்லாம் அவர் வேறு வேலையைக் காட்டினார். பீரங்கிக்குக் கறுப்புச் சாயம், நங்கூரத்துக்குக் கயிறு, பொத்தானுக்கு மெழுகு. டீக்கடையில் முதுகுகள் அப்படியே இருந்தன. மாசி முடிந்து பங்குனியும் வந்துவிட்டது. அந்தப் புதன்கிழமையும் வந்தது.

சாவு வீட்டில் முதல் பிரச்சினை இடம். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்க வேண்டும், கூடத்தின் நடுவில் மேசை, மேசையில் கப்பல். பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, "இத மொதல்ல வெளிய எடுத்து வெச்சிடலாம்" என்று கப்பலில் கை வைத்தார்.

"எவனாச்சும் தொட்டீங்க, தெரியும் சேதி!" என்று பெர்னதெத் போட்ட சத்தத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் மணியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கடைசியில் பெட்டியைச் சுவரோரமாக வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கப்பலைச் சுற்றி, பிறகு தனிஸ்லாஸிடம் போனார்கள். ஊரில் பாதி மீட்டர்கள் வந்திருந்தன. ஒரு பெரியவர் அழுதுகொண்டே, "எங்க வூட்டு நாய் கடிச்சப்பகூட ஒரு வார்த்த சொல்லல" என்றார். அப்பா சொல்லியிருந்தார். அது எந்த நாய், என்ன சொன்னார் என்பது ஜூலிக்குத் தெரியும்.

யாகூப்பும் வந்தார். மாலை போட்டார். கப்பலின் முன்னால் நின்றார். சிவப்புச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். அதில் இருந்தது ஜூலியின் கையெழுத்து. யார் தப்பு என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வர வேண்டிய வாயிலிருந்து அது வரவில்லை. கல்லறை வரை நடந்தே வந்து, கடைசி ஆளாகத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஜூலி தூங்கினாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. இரண்டு வருட உழைப்பை ஸ்கிராப் என்று சொன்னதில் அப்பா மனம் உடைந்து பாய்மரத்தையே விட்டுவிட்டாரா, அல்லது தப்பை ஒப்புக்கொண்டாரா? ஒப்புக்கொண்டிருந்தால் ஏன் யாகூப்பிடம் போகவில்லை? அளந்து தீர்க்கக் கருவி இல்லாத கேள்வி.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஜூலியிடம் இருந்த அப்பாவின் போன் அடித்தது. "கடைசல்" என்று பெயர் வந்தது.

"சார், கண்ணையன் பேசறேன். சாமான் ரெடியாயி ரெண்டு வாரமாவுது, வரவே இல்லியே?"

"நான் அவர் பொண்ணு பேசறேன். எந்தக் கண்ணையன்?"

"உழவர்கரையில மரம் கடையற பட்டற வெச்சிருக்கேம்மா. சாரு குடுத்திருந்தாரு. நீங்க வந்தாலும் சரிதான்."

பட்டறை ஜூலியின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. ஒரு பக்கம் கட்டில் கால்கள், ஒரு பக்கம் சப்பாத்திக் கட்டைகள். கண்ணையன் உள்ளே போய், ஒரு துணிச் சுருளை எடுத்துவந்து அவிழ்த்தார். மூன்று பாய்மரங்கள். தேக்கு. கீழே தடித்து மேலே மெலிந்து, சீராக.

"அப்பா வரலியாம்மா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஜூலி சொன்னாள். கண்ணையன் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"எப்ப குடுத்தாரு?" என்றாள்.

"மாசியில. கையால தேய்க்க இன்னொரு ரெண்டு வருஷம் ஆவும், மெஷின்ல போட்டுக் குடுன்னாரு. அளவு கேட்டா, எண்பத்தஞ்சு அடியில நாப்பத்தெட்டுல ஒரு பங்குன்றாரு. அதுவும் பிரெஞ்சு அடின்றாரு. எங்கிட்ட இருக்கிற டேப்புல அந்த அடி இல்ல சார்னேன். மறுநாளு அவரே ஒண்ணு செஞ்சி எடுத்தாந்துட்டாரு."

சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு மூங்கில் பட்டையை எடுத்துக் கொடுத்தார். அதன்மேல் பேனாவில் "1 பிரெஞ்சு அடி" என்று தனிஸ்லாஸின் சாய்ந்த கையெழுத்து.

ஜூலியின் பையில் ஸ்டீல் ஸ்கேலும், மில்லியில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் வெர்னியரும் எப்போதும் இருக்கும். ஸ்கேல் முப்பது சென்டிமீட்டரில் முடிந்துவிட்டது. அங்கே ஒரு கோடு போட்டு, மீதியை வெர்னியரில் பிடித்தாள். இருபத்து நாலு புள்ளி ஒன்பது மில்லி. மொத்தம் முந்நூற்று இருபத்து நாலு புள்ளி ஒன்பது. சரியான அளவு முந்நூற்று இருபத்து நாலு புள்ளி எட்டு நாலு. மூக்குக் கண்ணாடியும் சவரக் கத்தியும் வைத்துக்கொண்டு செய்த வேலை. அவள் தொழிற்சாலையில் இதைவிட மோசமானதெல்லாம் தேறி வெளியே போயிருக்கிறது.

பிறகு பெரிய பாய்மரத்தை அளந்தாள். ஐம்பத்தேழரை. மறுபடி அளந்தாள்.

"சரியா கீதாம்மா? பயங்காட்டிகினே இருந்தாரு. எம் பொண்ணு அளப்பா, ஒரு மில்லி கொறஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவான்னு."

"சரியா இருக்குது" என்றாள். "நல்லா இருக்குது."

கண்ணையன் மூன்று கம்புகளையும் பழையபடி துணியில் சுற்றி, இரண்டு இடத்தில் கயிறு போட்டு, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நிற்க வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே பேசினார்.

"எடுத்துகினு நேரா டெய்லர் கடைக்குத்தான் போவேன், வூட்டுக்கு அப்புறந்தான்னு சொல்லிகினு இருந்தாரு. அங்க வெச்சி என்னமோ துணி மாட்டிப் பாக்கணுமாம். அந்த டெய்லரு யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும். முல்லா வீதி."

"அப்ப நீங்களே போயிடுங்க. சனிக்கெழம போறேன்னாரு. இன்னிக்கும் சனிக்கெழமதான்."

ஜூலி ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாமல் திரும்பினாள்.

"அண்ணே, அங்க போயி டெய்லர்கிட்ட என்னா சொல்லப்போறேன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

கண்ணையன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நானும் கேட்டேம்மா, சண்டைன்றியே சார், போயி என்னா பேசுவன்னு. அத நான் பாத்துக்கறேன்னுட்டாரு."